அராஜகம்: எவன் சொன்ன சாட்சி?

‘அராஜகம்’ என்கிற சொல்லை நம்மில் பலரும் முதலில் படித்தது எந்தத் தத்துவப் புத்தகத்திலும் இல்லை, செய்தித்தாளில். சேரிப் பையன்கள் பஸ்ஸை மறித்தால் அராஜகம். டீக்கடையில் தனக்கென்று ஒதுக்கிவைத்த டம்ளரை ஒருவன் தூக்கிப்போட்டு உடைத்தால் அராஜகம். சுவரில் அம்பேத்கர் படம் வரைந்தால்கூட அராஜகம். ஆனால் ஊர்த்தெரு ஆட்கள் கூட்டமாக இறங்கிவந்து குடிசைகளைக் கொளுத்திவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ‘இரு பிரிவினரிடையே மோதல்’. அகராதி யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்ததுதான் பொருள்.

இதே சொல் இப்போது வேறு உடுப்பில் நம் அறிவாளிகள் மத்தியில் உலவுகிறது. உலகில் எங்கெல்லாமோ அரசை மறுத்துப் போராடுகிற இயக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, கூட்டங்கள் நடக்கின்றன. எழுதுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் கட்சித் தோழர். ‘குட்டி முதலாளிய மனோபாவம், சாகசவாதம்’ என்று நூறு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பையே இன்றைக்கும் வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்னொருவர் சிற்றிதழ்க்காரர். ஐரோப்பாவில் எவனோ கறுப்புச்சட்டை போட்டு வங்கிக் கண்ணாடியை உடைத்தால் இவருக்கு இங்கே புல்லரிக்கும். சொந்த ஊரில் தனி டம்ளர் உடைந்தபோது மட்டும் அவருக்கு எந்த மயிரும் சிலிர்த்ததில்லை. இரண்டு பேரிடமும் நாம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: ஐயா, இது உமக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தீரா? பார்த்தவன் சொன்னானா? அவன் எந்தத் தெருவில் நின்று பார்த்தான்?

இது வெறும் ஆய்வேட்டுப் பிரச்சினை இல்லை. நம்ம பசங்க இதைப் படிக்கிறார்கள். அரசே வேண்டாம் என்கிற பேச்சு, தினமும் காவல் நிலையத்தில் அடிவாங்குகிறவனின் காதில் தேனாக விழும். ‘அது வன்முறைக் கும்பல்’ என்கிற பேச்சு, நாளைக்கு அவன்மீதே போடப்படும் வழக்குக்கு முன்னுரையாகவும் மாறும். பொய்ச்சாட்சியை நம்பி முடிவெடுத்தால் அடி விழப்போவது கட்டுரை எழுதியவருக்கு இல்லை.

முதலில் அந்தச் சொல்லையே விசாரிப்போம். ‘அராஜகம்’ என்றால் ராஜா இல்லாத நிலை. இது மனுவின் ஏழாம் அத்தியாயத்தில் வருகிற சொல். ராஜா இல்லாத உலகில் எல்லோரும் பயந்து சிதறியதால்தான் கடவுள் ராஜாவைப் படைத்தார் என்கிறான் அவன். தண்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பட்டியல் போடுகிறான்: வலியவன் எளியவனை மீனைப்போல் வாட்டித் தின்பான், வேள்வி அவிசை நாய் நக்கும், எல்லா வர்ணங்களும் கெட்டுப்போகும். பார்த்தீர்களா, எளியவன்மேல் வைத்த கரிசனம் எங்கே போய் முடிகிறது என்று? வர்ணம் கெடுவதுதான் அங்கே உண்மையான பயம். அந்தப் பயத்தைத்தான் தமிழ்ப் பத்திரிகைகள் நமக்குச் செய்தியாக விற்றுக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நான் ‘அரசின்மைவாதம்’ என்று எழுதுகிறேன். கலவரத்துக்கும் ஒரு கொள்கைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் அந்தக் கொள்கையை விசாரிக்கவே முடியாமல் போய்விடும்.

இனி சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

முதல் சாட்சி, போலீஸ். 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா நகரில் ஜி-8 நாடுகளின் மாநாடு நடந்தது. எதிர்ப்பாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கூடினார்கள். அவர்களில் அரசின்மைவாதிகளும் இருந்தார்கள். ஜூலை 20 அன்று கார்லோ ஜூலியானி என்கிற 23 வயது இளைஞரைக் காவல் படையினர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மறுநாள் இரவு, எதிர்ப்பாளர்கள் படுத்திருந்த தியாஸ் பள்ளிக்குள் போலீஸ் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எலும்பு முறிய அடித்தது. 93 பேரைக் கைது செய்தது. அடுத்த நாள் பத்திரிகையாளர்கள் முன்னால் இரண்டு பெட்ரோல் குண்டுகளைக் காட்டி, ‘இவை உள்ளே கிடைத்தன’ என்றார்கள். காவலர் ஒருவரைக் கத்தியால் குத்த வந்ததாகவும் சொன்னார்கள். உலகம் முழுக்க அப்படியே அச்சானது.

அந்தப் பெட்ரோல் குண்டுகள் நகரின் வேறோர் இடத்தில் போலீஸ் கைக்குக் கிடைத்து, பிறகு போலீஸ் கையாலேயே பள்ளிக்குள் கொண்டுவரப்பட்டவை என்பது விசாரணையில் வெளிவந்தது. கத்திக் கதையும் பொய். 2012 ஜூலையில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் மூத்த அதிகாரிகள் உட்பட பல காவலர்களின் தண்டனையை உறுதி செய்தது. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த இரவில் நடந்தது சித்திரவதைதான் என்று தீர்ப்பளித்தது. சித்திரவதை என்ற குற்றமே அப்போது இத்தாலியச் சட்டத்தில் கிடையாது. 2017-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. ஆக, பொய் அச்சேற ஒரே நாள் போதும். அதைப் பொய்யென்று நிரூபிக்கப் பதினோரு வருடம். 2001-ஆம் வருடத்துச் செய்தித்தாளைக் கத்தரித்து ஆதாரமாக வைத்து இன்றைக்கும் ஒருவர் எழுதினால், அவர் அரசின்மைவாதத்தைப் பற்றி எழுதவில்லை. போலீஸ் எழுதிக்கொடுத்ததைப் பிரதி எடுக்கிறார்.

ஒரே ஒரு ஊர் என்று தள்ளவேண்டாம். 2008 நவம்பர் 11 அன்று பிரான்சில் தார்னாக் என்கிற சிறு கிராமத்தில் விடியற்காலையில் போலீஸ் இறங்கியது. அதிவேக ரயில் பாதையின் மின்கம்பிகளைச் சேதப்படுத்திய ‘தீவிர இடது’ பயங்கரவாதக் குழு பிடிபட்டது என்று உள்துறை அமைச்சரே அறிவித்தார். வழக்கு பத்து வருடம் இழுத்தது. பயங்கரவாதக் குற்றச்சாட்டு நடுவிலேயே உதிர்ந்தது. 2018 ஏப்ரலில் நாசவேலைக் குற்றச்சாட்டும் நிற்கவில்லை. தார்னாக் குழு என்பதே ஒரு கற்பனை என்று நீதிமன்றம் சொன்னது. அமைச்சர் பேசியதை எழுதிய பத்திரிகைகளைப் படித்தவனுக்கு ஒரு பயங்கர இயக்கம் தெரிந்திருக்கும். இருந்தது என்னவோ மளிகைக் கடை நடத்திக்கொண்டு கூட்டாக வாழ்ந்த சில பேர்.

இதையெல்லாம் நமக்கு எவனும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது என்ன எழுதினார்கள்? 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்கள் போனபோது என்ன எழுதினார்கள்? ஆற்றிலிருந்து கரையேறியவர்கள் சொன்ன கதை ஒன்று, காக்கிச்சட்டை சொன்ன கதை வேறொன்று. எஃப்.ஐ.ஆரை எப்படிப் படிப்பது என்பதில் சேரிக்காரனுக்கு இருக்கிற பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. எஃப்.ஐ.ஆர். என்பது நம்மைப் பற்றிய ஆவணம் இல்லை. போலீசைப் பற்றிய ஆவணம். அப்படித்தான் அதை வாசிக்கவேண்டும். ஜெனோவாவையும் அப்படித்தான்.

சரி, போலீஸ் பொய் சொல்லும். அப்படியானால் இயக்கம் சொல்வதெல்லாம் உண்மையா? இரண்டாம் சாட்சியைக் கூப்பிடுவோம்.

1986-இல் லண்டனில் ஒரு சின்னக் குழு, மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை எதிர்த்து ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. லண்டன் கிரீன்பீஸ் என்று பெயர். அரசின்மைவாதச் சாய்வுள்ள குழு. நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு ஏழை ஆட்கள், வக்கீல் வைக்கக் காசில்லாமல் தாங்களே வாதாடினார்கள். இங்கிலாந்தின் சரித்திரத்திலேயே மிக நீண்ட வழக்குகளில் அது ஒன்றாகி, 1997-இல் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இயக்கத்தின் வீரக்கதைகளில் இது ஒன்று. பிறகு 2013-இல் ஒரு சேதி வந்தது: அந்தத் துண்டறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் பாப் லாம்பர்ட். யார் அவர்? வேறு பெயரில் குழுவுக்குள் நுழைந்திருந்த ரகசிய போலீஸ்காரர்!

இயக்கத்தின் சொந்தக் கையெழுத்து என்று நாம் நினைத்த காகிதத்தில் போலீசின் மை இருந்திருக்கிறது. இது ஏதோ ஒரு தனி ஆளின் லீலை இல்லை. 1968-இல் லண்டன் போலீஸ் இதற்கென்றே ஒரு ரகசியப் பிரிவு தொடங்கியது. 2008 வரை அது நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை இந்த ரகசிய போலீசார் வேவு பார்த்திருக்கிறார்கள். இறந்துபோன குழந்தைகளின் பெயரைத் திருடி வைத்துக்கொண்டார்கள். இயக்கத்துப் பெண்களோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்தி ஏமாற்றினார்கள். வேறொரு பிரிவைச் சேர்ந்த மார்க் கென்னடி என்கிறவர் 2003 முதல் ஏழு வருடம் சூழலியல், அரசின்மைவாதக் குழுக்களுக்குள் இருந்தார். அவர் ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்களை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது என்பதால் 2011-இல் 20 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த வேவுப் பட்டியலில் இன்னொரு பெயரும் உண்டு. 1993-இல் வெள்ளை நிறவெறியர்கள் குத்திக் கொன்ற கறுப்பின மாணவன் ஸ்டீபன் லாரன்ஸின் குடும்பம். மகனைப் பறிகொடுத்து நீதி கேட்ட தாய் தகப்பன்மேல் ஏதாவது கறை தேட முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள் என, அந்தப் பிரிவில் இருந்த ஒருவரே 2013-இல் வெளியில் வந்து சொன்னார். அரசை ஒழிக்கிறேன் என்றவனும் அரசிடம் நீதி கேட்டவளும் அவர்கள் கோப்பில் ஒன்றுதான். இதை நம்மாட்கள் மனதில் குறித்துக்கொள்ளவேண்டும்.

இந்த உண்மைகள் எப்படி வெளியே வந்தன? தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஏமாற்றப்பட்ட பெண்கள் தாங்களே துப்புத் துலக்கினார்கள். பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடிப்போனார்கள். தன்னோடு வாழ்ந்தவனின் பெயரில் ஓர் இறந்த குழந்தையின் சான்றிதழ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அரசு வேறு வழியில்லாமல் விசாரணை ஆணையம் வைத்தது. இயக்கத்தின் மேடையில் முழங்கியவனைவிட, இயக்கத்துக்குள் அடிபட்டவளின் சாட்சியம்தான் அங்கே நின்றது. எந்த இயக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் தலைவர் பேட்டியில் தொடங்காதே. அந்த இயக்கத்தில் சமைத்தவர் யார், அடி வாங்கியவர் யார், விலகிப் போனவர் யார் என்று தேடு.

மூன்றாம் சாட்சி, போய்ப் பார்த்துவிட்டு வந்த அறிஞர். சிரியாவின் வடக்கே குர்திஷ் பகுதியில் 2012-க்குப் பிறகு மக்கள் அவைகள், பெண்கள் படை, கூட்டு நிர்வாகம் என்று ஒரு முயற்சி நடந்தது. ரோஜாவா என்றார்கள். சிறையில் இருந்த ஒஜலான், அமெரிக்கரான மர்ரே புக்சினைப் படித்துத் தன் பாதையை மாற்றிக்கொண்டதன் விளைவு அது. மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2014 டிசம்பரில் போய்ப் பார்த்தார். இது உண்மையான புரட்சி என்று எழுதினார். கிரேபர் அரசின்மைவாதி, அதை அவர் மறைத்தவரும் இல்லை. அவர் கண்டது பொய்யும் இல்லை. ஆனால் அழைத்தவர்கள் காட்டிய இடத்தைச் சில நாட்கள் பார்த்தவரின் சாட்சியம் அது.

அதே 2014-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம், அந்த நிர்வாகத்தின் கீழ் நடந்த தன்னிச்சையான கைதுகள், சிறுவர்களைப் படையில் சேர்த்தது பற்றி அறிக்கை வெளியிட்டது. 2015-இல் அம்னஸ்டி, அரபு மக்களின் வீடுகளும் ஊர்களும் இடிக்கப்பட்டதாகச் சொன்னது. 2017-இல் ஐ.நா. விசாரணை ஆணையம், அரபு மக்களை இனத்தின் பெயரால் குறிவைத்துத் துரத்தினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இப்போது நமது சிற்றிதழ்க்காரர் கிரேபரை மட்டும் மொழிபெயர்ப்பார். கட்சித் தோழர் அம்னஸ்டியை மட்டும் மேற்கோள் காட்டுவார். மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கிற யோக்கியம் யாருக்கு இருக்கிறது? முரண்படுகிற மூன்று சாட்சியங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் யாரிடம் பேசியது, எத்தனை நாள் இருந்தது, எதைப் பார்க்க முடியவில்லை என்று கேட்பதுதான் படிப்பு. மற்றதெல்லாம் ரசிகர் மன்றம்.

ஆவணங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் 1935-இல் தொடங்கிய சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் இருக்கிறது. ஸ்பெயினில் தோற்றுப்போன அரசின்மைவாதத் தொழிலாளர்கள் தங்கள் காகிதங்களைப் பெட்டிகளில் அடைத்துப் பிராங்கோவின் கைக்குச் சிக்காமல் வெளியேற்றினார்கள். அவை இன்றும் அங்கே உள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1911 முதல் லபடி சேகரிப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் சிரா என்கிற நூலகம் இருக்கிறது. துண்டறிக்கை, சுவரொட்டி, கடிதம், கணக்குப் புத்தகம் எல்லாம் காத்துவைத்திருக்கிறார்கள். தோற்றவர்களுக்கும் காகிதத்தின் அருமை தெரிந்திருந்தது.

ஆனால் எல்லோருடைய காகிதமும் தப்பவில்லை. சிகாகோவின் லூசி பார்சன்ஸ், மே தினப் போராட்டத்தில் கணவரைத் தூக்குமேடையில் இழந்து, அதற்குப்பின் அரை நூற்றாண்டு தெருவில் நின்று பேசியவர். 1942-இல் வீடு தீப்பிடித்து இறந்தார். எரியாமல் மிஞ்சிய அவர் புத்தகங்களையும் காகிதங்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர் தன்னை மெக்சிகோ, செவ்விந்திய வம்சம் என்றே சொல்லிவந்தார். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் என்பதை 2017-இல் வந்த அவரது வாழ்க்கை வரலாறு ஆவணங்களோடு எழுதியது. அவர் சொன்னது பொய் என்று எளிதாக எழுதிவிடலாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போகையில் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்விக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லித் தப்பித்தவர்களுக்குத்தான் அந்தப் பொய்யின் காரணம் தெரியும். சாட்சி ஏன் மறைக்கிறாள் என்பதும் சாட்சியத்தின் பகுதிதான்.

அதேபோல் லொரென்ஸோ கொம்போவா எர்வின். கருஞ்சிறுத்தையாக இருந்து, சிறையில் அரசின்மைவாதியானவர். அரசின்மைவாதமும் கறுப்பினப் புரட்சியும் பற்றி அவர் சிறையில் எழுதிய நூல் 1979-இல் சிறு வெளியீடாக வந்தது. வெள்ளை அரசின்மைவாதிகள் நிறவெறியைப் பேச மறுப்பதை முகத்துக்கு நேராகக் கேட்ட நூல் அது. பெரிய பதிப்பகம் ஒன்று அதை வெளியிட 2021 ஆகிவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் அது கைப்பிரதியாகவும் நகலாகவும்தான் சுற்றியது. நமது அறிவாளிகள் அரசின்மைவாதம் பற்றி எழுதிய பக்கங்களில் பிரெஞ்சுப் பெயர்கள் கொட்டிக்கிடக்கின்றன. எர்வின் பெயரைத் தேடிப்பாருங்கள். 1972-இல் பம்பாயில் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்த உறவைத் தொடர்ந்திருந்தால் நாம் முதலில் படித்திருக்கவேண்டியது இவரைத்தான்.

இந்தியாவைப் பற்றி இந்த நூல்களில் என்ன இருக்கிறது? காந்தி இருக்கிறார். பீட்டர் மார்ஷல் 1992-இல் எழுதிய பெரிய வரலாற்றில் காந்திக்கென்றே ஓர் அத்தியாயம். 1916-இல் காசியில் பேசும்போது, நானும் ஓர் அனார்க்கிஸ்ட், ஆனால் வேறு வகை என்றாரே, அது போதும். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றியும் இப்போது நூல்கள் வந்துவிட்டன. பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையில் வேலை செய்தவர். 1920-இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு பெர்லினில் அரசின்மைவாதியானவர். 1954-இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். அவர் கட்டுரைகள் 2019-இலும் வாழ்க்கை வரலாறு 2023-இலும் வந்தன. நல்லது, படிக்கவேண்டும். ஆனால் படிக்கும்போது ஒன்றைக் கேட்கவேண்டும்: அரசு இல்லாத கிராமத்தில் சேரி எங்கே இருக்கும்?

நமக்கு அரசு இரண்டு. கோட்டையில் ஒன்று, ஊர்ச்சாவடியில் ஒன்று. ஐரோப்பிய அரசின்மைவாதி முதலாவதை மட்டும்தான் பார்த்திருக்கிறான். தன்னாட்சிக் கிராமம் என்றவுடன் அவன் கண்ணில் சுதந்திரம் தெரிகிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அதே கிராமத்தைக் குறுகிய புத்தியின், சாதி வெறியின் குகை என்று கிழித்துப்போட்டார். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஓட்டைச் சட்டிதான். ஆனாலும் ஊர்ச்சாவடிக்கு எதிராக நம் கையில் இருக்கிற சட்டி அது. அதைத் தூக்கிப்போடு என்கிறவன், தண்ணீர் மோக்க வேறு என்ன தருவான் என்று சொல்லட்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த நூலும் நமக்குப் பாதி நூல்தான்.

அம்பேத்கரையே பாதி ஆக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாம் தெருவில் இறங்கும்போதெல்லாம் ‘உங்கள் அம்பேத்கரே இதை அராஜகத்தின் இலக்கணம் என்றாரே’ என்று ஒருவர் வந்துவிடுவார். 1949 நவம்பர் 25 அன்று பேசிய பேச்சு அது. அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது என்கிற நிபந்தனையோடு சொன்னார். அதே பேச்சில், சமூகத்தில் சமத்துவம் இல்லாமல் அரசியலில் மட்டும் சமத்துவம் வைத்தால், பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சனநாயகக் கட்டடத்தையே தகர்ப்பார்கள் என்றும் எச்சரித்தார். நிபந்தனையையும் எச்சரிக்கையையும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு துண்டை எடுத்து நம் தலையில் அடிக்கிறார்கள். மகாடில் குளத்தில் இறங்கியவர், 1927 டிசம்பர் 25 அன்று மனுவைக் கொளுத்தியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். முழுப்பேச்சையும் நாம் படித்திருக்கமாட்டோம் என்கிற தைரியம்.

ஆகவே தோழர்களே, கேட்டுப் பழகுவோம். எந்த இயக்கத்தைப் பற்றி எவர் பேசினாலும் நான்கு கேள்வி: இதை முதலில் சொன்னது யார், எந்தத் தேதியில்? அவருக்குச் சோறு போடுவது யார்? அடிபட்டவர் என்ன சொன்னார்? பிறகு வந்த தீர்ப்போ ஆவணமோ இதை மாற்றியிருக்கிறதா? உண்மை அறியும் குழு ஒரு சேரிக்குள் போனால் செய்வதைத்தான் ஏதென்சுக்கும் ஜெனோவாவுக்கும் செய்யச் சொல்கிறேன். 2008 டிசம்பர் 6 அன்று ஏதென்சில் 15 வயது அலெக்சிஸ் கிரிகோரோபூலசைப் போலீஸ்காரர் சுட்டபோதும் கும்பல் தாக்கியது என்றுதான் முதல் அறிக்கை வந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எடுத்த படம்தான் அதை உடைத்தது. 2010-இல் சுட்டவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. மாடியில் நின்ற அந்த ஆள் எந்தத் தத்துவமும் எழுதியவர் இல்லை.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் ஆவணத்தைச் சரிபார்க்கிற நாம், நம்முடையதை வைத்திருக்கிறோமா? துண்டறிக்கைகள் கறையானுக்குப் போகின்றன. கூட்டத் தீர்மானங்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் மட்குகின்றன. பொய்வழக்கின் குற்றப்பத்திரிகை வக்கீல் குமாஸ்தாவோடு தொலைகிறது. சாட்சி சொல்லக்கூடிய கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு எவனாவது நம் போராட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவன் கையில் என்ன இருக்கும்? போலீஸ் கோப்பு இருக்கும், பத்திரிகைக் கத்தரிப்பு இருக்கும். அதைப் பார்த்து ‘அராஜகம்’ என்று எழுதுவான். ஒவ்வொரு துண்டறிக்கையிலும் தேதியும் ஊர்ப்பெயரும் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். கிழவிகள் பேசுவதை இந்த மாதமே பதிவு செய்யுங்கள்.